உடம்புக்குள் கரையும் ‘சாரம்’: லட்டுப் பைக்கும் குழந்தையின் இதயக் குழாய்க்கும் என்ன தொடர்பு?

திருமலையில் லட்டு வாங்கப் போனவர்கள் கவனித்திருக்கலாம். 2021 ஆகஸ்ட் மாதம், லட்டு கவுன்ட்டர்கள் பக்கத்தில் மக்கும் பைகளுக்கென்று தனி விற்பனை கவுன்ட்டரை திருமலை திருப்பதி தேவஸ்தானமும் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓவும் சேர்ந்து திறந்தன. சோள மாவுச்சத்தைக் கொண்டு தயாரிக்கப்பட்ட பை, 90 நாளில் மக்கிவிடும் என்று அப்போது அறிவிக்கப்பட்டது.

அதே ஆண்டு அக்டோபரில், மலைக்குக் கீழே திருப்பதி நகரில், தேவஸ்தானத்தின் ஸ்ரீ பத்மாவதி குழந்தைகள் இதய மருத்துவமனை திறக்கப்பட்டது.

இந்த இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை என்று தோன்றும். ஆனால் மருத்துவத் துறையில் பல ஆண்டுகளாக நடக்கும் ஓர் ஆராய்ச்சி, இரண்டையும் ஒரே கேள்வியில் கொண்டுவந்து நிறுத்துகிறது: தன் வேலை முடிந்ததும் தானே மறைந்துபோகும் பிளாஸ்டிக்கை ஒரு குழந்தையின் நெஞ்சுக்குள் வைக்க முடியுமா? வைத்தால், அது எத்தனை நாளில் கரைய வேண்டும்?

ஏன் கரைய வேண்டும்?

பிறவியிலேயே இதயக் கோளாறு உள்ள சில குழந்தைகளுக்கு, ரத்தம் போகும் பாதையை மாற்றி அமைக்க ஒரு செயற்கைக் குழாய் தேவைப்படும். இப்போது அதிகம் பயன்படுவது பிடிஎஃப்இ போன்ற, உடலில் கரையாத பொருளால் ஆன குழாய். அது உறுதியானது, நம்பகமானது. ஆனால் அதில் ஒரு பெரிய குறை இருக்கிறது. குழந்தை வளரும், குழாய் வளராது.

மூன்று வயதில் போட்ட சட்டை பத்து வயதில் பத்துமா? குழாயும் அப்படித்தான். அளவு போதாமல் போனால் மறுபடி நெஞ்சைத் திறக்க வேண்டும். ஏற்கெனவே அறுவை நடந்த இடத்தில் திசுக்கள் ஒட்டிக்கொண்டிருக்கும் என்பதால், இரண்டாவது அறுவை முதல் அறுவையைவிடச் சிக்கலானது. வீட்டில் மற்றவர்களுக்கு இது மருத்துவச் செலவு, அலைச்சல். குழந்தைக்கு இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

இங்கேதான் ‘திசுப் பொறியியல்’ வருகிறது. குழாயையே நிரந்தரமாக வைக்காமல், குழாய் வடிவில் ஒரு தற்காலிகச் சாரத்தை வைப்பது. உடலின் செல்கள் அந்தச் சாரத்தைப் பிடித்து ஏறி, சொந்தமாக ரத்தக்குழாய்ச் சுவரைக் கட்டிக்கொள்ளும். கட்டி முடித்ததும் சாரம் கரைந்துவிடும். மிஞ்சுவது குழந்தையின் சொந்தத் திசு. அது குழந்தையோடு சேர்ந்து வளரும்.

வீடு கட்டியவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்கத் தேவையில்லை. கான்கிரீட் இறுகுவதற்கு முன்னாடி சென்ட்ரிங்கைப் பிரிச்சா தளம் இறங்கிடும். பிரிக்காமலே விட்டா வீட்டுக்குள் நடமாட முடியாது. வித்தியாசம் என்னவென்றால், உடம்புக்குள் போய்ச் சாரத்தைப் பிரிக்க கொத்தனார் யாரும் வர மாட்டார். அது தானே பிரிய வேண்டும், அதுவும் சரியான நேரத்தில்.

இது புதுசா?

இல்லை. உங்கள் வீட்டிலேயே யாருக்காவது இப்படி ஒரு பொருள் உடம்புக்குள் கரைந்திருக்கும். பிரசவத்திலோ, வேறு அறுவையிலோ தையல் போட்டுவிட்டு, “பிரிக்க வர வேண்டாம், தானா கரைஞ்சிடும்” என்று டாக்டர் சொல்லியிருப்பார். முன்பு இதற்கு ஆட்டுக் குடலிலிருந்தும் மாட்டுக் குடலிலிருந்தும் எடுத்த ‘கேட்கட்’ நூல்தான் இருந்தது. 1970-களின் தொடக்கத்தில் பாலிகிளைகாலிக் அமிலம் என்ற பாலிமரால் ஆன செயற்கை நூல் சந்தைக்கு வந்தது. அதன்பின் வந்த ‘விக்ரில்’, கிளைகாலிக் அமில அலகுகள் 90 பங்கும் லாக்டிக் அமில அலகுகள் 10 பங்கும் சேர்ந்தது. இந்த நூல் மூன்று வாரத்தில் ஏறக்குறைய பாதி வலுவை இழக்கும். 56 முதல் 70 நாளுக்குள் உடலில் முழுதாகக் கரைந்துவிடும்.

இந்த இரண்டு எண்களையும் நினைவில் வையுங்கள். வலு போவது முதலில், பொருள் மறைவது பிறகு. கட்டுரை முழுக்க இந்த வித்தியாசம்தான் திரும்பத் திரும்ப வரப்போகிறது.

லட்டுப் பை மண்ணில் மக்குது. உடம்புக்குள்ள யார் மக்க வைப்பாங்க?

மண்ணில் மக்குவதற்குப் பாக்டீரியாவும் பூஞ்சையும் வேண்டும். உடம்புக்குள் அந்தக் கூட்டம் கிடையாது, இருந்தால் அதற்குப் பெயர் தொற்று. உடம்புக்குள் இந்த வேலையைச் செய்வது பெரும்பாலும் தண்ணீர்தான்.

பாலிமர் என்பது நீளமான சங்கிலி. பூச்சரம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். லாக்டிக் அமிலம், கிளைகாலிக் அமிலம் போன்ற சிறு மூலக்கூறுகள் பூக்கள். அவற்றைக் கோத்திருக்கும் ‘எஸ்டர்’ பிணைப்புதான் நார். தண்ணீர் மூலக்கூறு ஒன்று உள்ளே வந்து அந்த நாரை ஓர் இடத்தில் அறுக்கும். இதற்கு நீராற்பகுப்பு என்று பெயர். இது நான்கு கட்டமாக நடக்கிறது.

முதலில், சாரம் தண்ணீரை உறிஞ்சுகிறது. வெளியே எந்த மாற்றமும் தெரியாது.

அடுத்து, சங்கிலிகள் அங்கங்கே அறுபடுகின்றன. நீளமான சரம் சின்னச் சின்னத் துண்டுகளாகிறது. எடை குறையாது, வடிவம் மாறாது. ஆனால் வலு போய்விடும். பெட்டியில் வருஷக்கணக்கில் கிடந்து இத்துப்போன பட்டுப்புடவையை நினைத்துக்கொள்ளுங்கள். பார்க்க முழுசா இருக்கும், இழுத்தா கிழிஞ்சிடும்.

மூன்றாவதாக, துண்டுகள் தண்ணீரில் கரையும் அளவுக்குச் சிறிதாகின்றன. இப்போதுதான் எடை குறையத் தொடங்கும்.

கடைசியாக, கரைந்ததை உடல் எடுத்துக்கொள்கிறது. லாக்டிக் அமிலம் நம் தசைகளிலேயே தினமும் உண்டாகும் பொருள்தான். உடல் அதை எரித்து, கரியமில வாயுவாகவும் தண்ணீராகவும் வெளியேற்றிவிடும். கிளைகாலிக் அமிலத்தில் ஒரு பகுதி சிறுநீரில் போய்விடும். கரையாமல் மிஞ்சும் நுண்துகள்களை, ‘மேக்ரோஃபேஜ்’ எனப்படும் நோய் எதிர்ப்பு செல்கள் விழுங்கிச் சுத்தம் செய்யும்.

எல்லா பாலிமரும் ஒரே வேகத்தில் கரையுமா?

கரையாது. வேகத்தைத் தீர்மானிப்பதில் மூன்று விஷயங்கள் முக்கியமானவை.

ஒன்று, தண்ணீர் எவ்வளவு எளிதாக உள்ளே போகிறது என்பது. லாக்டிக் அமிலத்தில் கிளைகாலிக் அமிலத்தைவிடக் கூடுதலாக ஒரு மீதைல் குழு உண்டு. அது தண்ணீரை ஓரளவு தள்ளி நிறுத்தும். அதனால் லாக்டிக் பங்கு கூடக்கூட, பொதுவாக கரையும் வேகம் குறையும்.

இரண்டு, சங்கிலிகள் எவ்வளவு ஒழுங்காக அடுக்கப்பட்டிருக்கின்றன என்பது. நெருக்கமாக அடுக்கிய படிகப் பகுதிக்குள் தண்ணீர் நுழைவது கஷ்டம்.

மூன்று, சங்கிலி எவ்வளவு நீளம் என்பது. நீளம் கூடினால் கரைய நாளாகும்.

இதை வைத்துத்தான் ஆய்வாளர்கள் கலவையை மாற்றி மாற்றி, தேவையான காலத்தை அமைக்கிறார்கள். இரண்டு அமிலங்களும் பாதிக்குப் பாதி கலந்த பாலிமர் ஒன்றிரண்டு மாதத்தில் கரையும். 85-க்கு 15 என்று லாக்டிக்கைக் கூட்டினால் ஐந்தாறு மாதம் ஆகும். படிகத்தன்மை உள்ள பாலி-எல்-லாக்டிக் அமிலம் மட்டும் என்றால் இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகலாம். பாலிகாப்ரோலாக்டோன் என்ற இன்னொரு பாலிமரும் இரண்டு வருஷத்தைத் தாண்டும்.

இந்த நீண்ட காலமே சில இடங்களில் தேவையாக இருக்கும். 2012-இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள், மூச்சுக்குழாய் அடிக்கடி மடங்கி அடைத்துக்கொண்ட ஒரு கைக்குழந்தைக்கு, 3டி பிரின்டரில் செய்த பாலிகாப்ரோலாக்டோன் தாங்கியைப் பொருத்தினார்கள். குழந்தையின் சொந்தக் குழாய் வளர்ந்து உறுதியாகும் வரை அது பிடித்துக்கொள்ள வேண்டும். சுமார் மூன்று வருஷத்தில் கரையும் என்ற கணக்கில்தான் அந்தப் பொருளைத் தேர்ந்தெடுத்தார்கள்.

தடிமனா இருந்தா மெதுவா கரையும்தானே?

அப்படித்தான் எல்லோரும் நினைப்போம். குளியல் சோப்பு வெளியிலிருந்து தேய்ந்து சிறுத்துக்கொண்டே போகும். சில பாலிமர்கள் உண்மையிலேயே இப்படித்தான் கரையும். மூளைப் புற்றுநோய் அறுவையின்போது வைக்கப்படும், 1996-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ‘கிளயாடெல்’ மருந்து வில்லை, இந்த வகைப் பாலிஅன்ஹைட்ரைடால் ஆனது.

லாக்டிக், கிளைகாலிக் குடும்பம் வேறு மாதிரி. அவை அறுபடும்போது அமிலம் உண்டாகிறது. அந்த அமிலம் இன்னும் வேகமாக மற்ற பிணைப்புகளை அறுக்க உதவுகிறது. மெல்லிய பொருள் என்றால் அமிலம் வெளியே கசிந்து உடல் திரவத்தில் கலந்துவிடும். தடிமனான பொருளில், நடுவில் உண்டாகும் அமிலம் வெளியே வர வழியில்லாமல் அங்கேயே தேங்கும். விளைவு என்ன? வெளித்தோல் நன்றாக இருக்க, உள்ளே கூழாகிவிடும். வெளியே பளபளவென்று இருந்து உள்ளே அழுகிப்போன மாம்பழம் மாதிரி. பிரான்சில் மிஷேல் வெர் குழுவினர் 1990-ஐ ஒட்டி வெளியிட்ட ஆய்வுகள் இதைத் தெளிவாகக் காட்டின.

எனவே சாரத்தைத் தடிமனாக்கினால் அதிக நாள் தாங்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. நிறைய துளைகளோடு, மெல்லிய இழைகளாகச் சாரத்தை அமைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அந்தத் துளைகள் வழியாகத்தான் செல்கள் உள்ளே நுழைகின்றன, புதிய நுண் ரத்தக்குழாய்கள் வளர்கின்றன, அமிலமும் வெளியேறுகிறது.

நேரம் தப்பினால் என்ன ஆகும்?

மருத்துவ வரலாற்றில் இதற்குச் சான்றுகள் உண்டு. 1980-களில் பின்லாந்தின் ஹெல்சிங்கியில், கணுக்கால் எலும்பு முறிவுக்கு பாலிகிளைகாலிக் அமிலத்தால் ஆன கம்பிகளைப் பயன்படுத்தினார்கள். ஸ்டீல் திருகு போல மறுபடி அறுவை செய்து எடுக்க வேண்டியதில்லை என்பது பெரிய லாபம். ஆனால் சிலருக்கு இரண்டு மூன்று மாதம் கழித்து அந்த இடம் வீங்கியது, உடைந்து திரவம் வடிந்தது. பரிசோதித்தால் கிருமி இல்லை. பாலிமர் மிக வேகமாகக் கரைந்து, உடல் அப்புறப்படுத்தும் வேகத்தைத் தாண்டிவிட்டதற்கான எதிர்வினை அது.

நெதர்லாந்தில் நடந்தது இதற்கு நேர்மாறு. உடைந்த கன்ன எலும்பைப் பொருத்த பாலி-எல்-லாக்டிக் தகடுகளை வைத்தார்கள். எலும்பு நன்றாகக் கூடியது. மூன்று வருஷம் கழித்து, சில நோயாளிகள் முகத்தில் வீக்கத்தோடு திரும்பி வந்தார்கள். தகடு சிதைந்துவிட்டது, ஆனால் கரையாத படிகத் துகள்கள் அங்கேயே கிடந்து தொந்தரவு செய்தன.

இப்போது எலும்புக்கான பல திருகுகளில் கால்சியம் பாஸ்பேட்டைக் கலக்கிறார்கள். அது அமிலத்தை ஓரளவு முறிக்கும், எலும்பு ஒட்டிக்கொள்ளவும் உதவும்.

இதய ரத்தக்குழாய் அடைப்புக்கு வைக்கும் ஸ்டென்ட்டிலும் இதே பாடம். அபாட் நிறுவனத்தின் ‘அப்சார்ப்’ என்ற கரையும் ஸ்டென்ட் 2016 ஜூலையில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஆனால் உலோக ஸ்டென்ட்டோடு ஒப்பிட்டபோது, இதில் ரத்தம் உறையும் ஆபத்து கூடுதல் என்று ஆய்வுகள் காட்டின. 2017-இல் நிறுவனம் விற்பனையை நிறுத்தியது. அதன் கம்பிகள் சுமார் 150 மைக்ரான் தடிமன் கொண்டவை. பாலிமர் உலோகத்தைவிட வலுக் குறைந்தது என்பதால் அவ்வளவு தடிமன் தேவைப்பட்டது, அதுவே ரத்த ஓட்டத்துக்கு இடைஞ்சலானது. பிறகு வந்தவை மெலிந்தன. குஜராத்தின் மெரில் நிறுவனம் உருவாக்கிய ‘மெரெஸ்100’ ஸ்டென்ட்டின் கம்பி 100 மைக்ரான். 2024 ஏப்ரலில், முழங்காலுக்குக் கீழே உள்ள ரத்தக்குழாய்களுக்கான அபாட்டின் கரையும் ஸ்டென்ட்டுக்கு அமெரிக்கா அனுமதி அளித்தது.

குழந்தையின் இதயக் குழாய் விஷயம் எங்கே நிற்கிறது?

ஜப்பானில் டோஷிஹாரு ஷினோகா குழுவினர், நான்கு வயதுச் சிறுமி ஒருத்திக்கு இப்படி வளர்த்த நுரையீரல் தமனியைப் பொருத்தியதை 2001-இல் அறிவித்தார்கள். சிறுமியின் சிரையிலிருந்து எடுத்த செல்களைப் பெருக்கி, எட்டு வாரத்தில் கரையும்படி செய்த பாலிமர் குழாயில் விதைத்திருந்தார்கள். அதன்பின், எலும்பு மஜ்ஜை செல்களைப் பயன்படுத்தி 25 நோயாளிகளுக்கு இத்தகைய குழாய்களைப் பொருத்தினார்கள். பல ஆண்டு கண்காணிப்பில் குழாயால் மரணம் எதுவும் இல்லை, குழாய் வெடிக்கவும் இல்லை. ஆனால் சிலருக்குக் குழாய் சுருங்கியது, பலூன் வைத்து விரிக்க வேண்டியிருந்தது.

அமெரிக்காவில் தொடங்கிய பரிசோதனையில் இந்தச் சுருக்கம் பெரிய பிரச்சினையானது. முதல் நான்கு குழந்தைகளில் மூன்று பேருக்குச் சீக்கிரமே குழாய் சுருங்கியதால் பரிசோதனை நிறுத்தி வைக்கப்பட்டது.

ஏன் சுருங்கியது என்று தேடியபோது சுவாரசியமான ஒரு விஷயம் தெரிந்தது. எலிகளில் பார்த்தால், ஆய்வகத்தில் விதைத்த செல்கள் சில நாட்களிலேயே காணாமல் போகின்றன. குழாயை உண்மையில் கட்டுவது, சாரத்தைச் சுத்தம் செய்ய வரும் அதே மேக்ரோஃபேஜ்களின் அழைப்பில் பக்கத்து ரத்தக்குழாயிலிருந்து வரும் உடலின் சொந்தச் செல்கள்தான். அதாவது, சாரத்தைக் கரைக்கும் அழற்சிதான் புதுக் குழாயைக் கட்டவும் வைக்கிறது. அழற்சி குறைந்தால் சுவர் உருவாகாது. கூடினால் சுவர் தடித்து, வழி அடைபடும்.

2020-இல் வெளியான ஆய்வு ஒன்று இன்னொரு படி போனது. ஆரம்பத்தில் உண்டாகும் சுருக்கம், சாரம் கரைந்து அழற்சி தணிந்ததும் தானாகவே விரியும் என்று கணினி மாதிரி கணித்தது. செம்மறியாடுகளில் சோதித்தபோது அதேதான் நடந்தது. ஆரம்ப வாரங்களில் சுருங்கிய குழாய்கள், அடுத்து வந்த மாதங்களில் தாமாகவே திறந்தன. குழந்தைகளுக்கும் இதே நடக்குமா என்பதைப் பரிசோதனைகள்தான் சொல்ல வேண்டும். இன்றைய நிலையில் இது வழக்கமான சிகிச்சை அல்ல, ஆராய்ச்சி.

இந்தியாவில் என்ன நடக்கிறது?

செயற்கைப் பாலிமர் மட்டும்தான் சாரம் என்றில்லை. தோலிலும் எலும்பிலும் உள்ள கொலாஜனும் ஒரு பாலிமர்தான், இயற்கைப் பாலிமர். அதை அறுப்பது பெரும்பாலும் தண்ணீர் அல்ல, செல்கள் சுரக்கும் நொதிகள். அதனால் புண்ணில் அழற்சி அதிகமாக இருந்தால் அது வேகமாகக் கரையும். சென்னையில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம், தீக்காயங்களுக்கான கொலாஜன் படலத்தில் நீண்ட காலமாக வேலை செய்துவந்துள்ளது. திருவனந்தபுரத்தின் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம், பன்றியின் பித்தப்பையிலிருந்து செல்களை நீக்கி எடுத்த சாரத்தைக் கொண்டு ‘கோலிடெர்ம்’ என்ற புண் ஆற்றும் படலத்தை உருவாக்கியது. அதற்கு 2023-இல் மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பின் அனுமதி கிடைத்தது. தஞ்சாவூர் சாஸ்த்ரா பல்கலைக்கழகத்திலும் பாலிமர் சாரங்கள் குறித்த ஆய்வுகள் நடக்கின்றன.

நம்ம ஊர் வெயிலுக்கும் இதுக்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு. தண்ணீர்தான் அறுக்கிறது என்றால், காற்றில் உள்ள ஈரமும் அறுக்கும். வெப்பம் கூடினால் வேகமும் கூடும். மே மாதத்தில் திருப்பதியிலும் சித்தூரிலும் வெயில் 40 டிகிரியைத் தொடும்போது, ஏசி இல்லாத ஸ்டோர் ரூமில் கிடக்கும் ஒரு கரையும் நூலோ திருகோ, நோயாளியின் உடம்புக்குள் போவதற்கு முன்பே இத்துப்போகத் தொடங்கிவிடும். அதனால்தான் இவை ஈரம் புகாத ஃபாயில் உறையில் வருகின்றன, பலவற்றை 25 டிகிரிக்கு மேல் வைக்கக் கூடாது என்று உறையிலேயே போட்டிருக்கும். ஆட்டோகிளேவ் எனப்படும் கொதிநீராவியில் வைத்து மறுபடி சுத்திகரிப்பதும் கூடாது.

நீங்கள் டாக்டரிடம் என்ன கேட்க வேண்டும்?

சித்தூரிலிருந்து மேல் சிகிச்சைக்கு திருப்பதி போகிறவர்களும் உண்டு, 40 கிலோமீட்டருக்குள் இருக்கும் வேலூர் போகிறவர்களும் உண்டு. எங்கே போனாலும், உடம்புக்குள் கரையும் பொருள் ஏதாவது வைக்கப்போகிறார்கள் என்றால் தயங்காமல் இவற்றைக் கேளுங்கள்.

• இது எந்தப் பொருள்? எத்தனை நாள் வலுவோடு இருக்கும்? எத்தனை நாளில் முழுதாகக் கரையும்? (இவை இரண்டும் வேறு வேறு கேள்விகள்.)

• எத்தனை மாதம் வரை வீக்கமோ வலியோ வந்தால் திரும்பி வர வேண்டும்? மூன்று வருஷம் கழித்து வந்தாலும், பழைய அறுவையைப் பற்றி புது டாக்டரிடம் சொல்லுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியைப் பத்திரமாக வையுங்கள்.

• இதற்கு இந்தியாவில் அனுமதி உண்டா? 2017-ஆம் ஆண்டு மருத்துவக் கருவி விதிகளின்படி, உடலில் கரைந்து மறையும் உள்பொருத்திகள் அதிக ஆபத்துள்ள ‘டி’ பிரிவில் வைக்கப்படுகின்றன.

• “ஸ்டெம் செல் வைத்து உறுப்பு வளர்க்கிறோம்” என்று யாராவது சொன்னால், இது அனுமதிக்கப்பட்ட சிகிச்சையா, பரிசோதனையா என்று கேளுங்கள். ஐசிஎம்ஆர் 2017-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, சில ரத்த நோய்களுக்கான மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை போன்றவற்றைத் தவிர மற்றவை பரிசோதனையாகவே கருதப்படும். பரிசோதனை என்றால் அது சிடிஆர்ஐ பதிவேட்டில் இருக்க வேண்டும். அதற்காக உங்களிடம் பணம் வாங்கக் கூடாது.

லட்டுப் பை 90 நாளில் மக்காமல் 120 நாள் எடுத்துக்கொண்டால் பெரிய நஷ்டம் எதுவும் இல்லை. குழந்தையின் நெஞ்சுக்குள் வைத்த சாரம் அப்படி நாள் தவற முடியாது. அந்தக் கணக்கு சரியாகும் வரை ஆய்வாளர்கள் அவசரப்படாமல் இருப்பது குழந்தைகளின் நன்மைக்குத்தான்.